ஈய மேசை

ஜூன் 3, திங்கள்

ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. ஈயம், எனக்கு எட்டு. அமலிக்கு முப்பத்திநாலு.

ஒரே பட்டறை. ஒரே மேசை. ஒரு வாரம் அவள், ஒரு வாரம் நான் என்று முறைவைத்து ஈயப் பட்டையை வளைத்துவந்தோம். மாதா கோயில் ஜன்னல்களின் வண்ணக் கண்ணாடித் துண்டுகளைப் பிடித்து நிறுத்துவது அந்தப் பட்டைதான். மூன்று வருடமாக ஒரே புகை, ஒரே வாடகை அறை, ஒரே மெஸ் சோறு. இருந்தும் ஈயம் அவளிடம் போயிருக்கிறது.

எல்லாமே அவளிடம்தான் போகிறது என்று எழுத நினைத்தேன். எழுத வேண்டாம்.

லிகோரி மாஸ்டர் என்னைத்தான் டாக்டரிடம் அனுப்பினார். "நீதான பிள்ள கெமிஸ்ட்ரி படிச்சவ. என்ன ஏதுன்னு கேட்டுட்டு வா. அவ சூளையப் பாக்கட்டும்." எம்.எஸ்ஸி.யைப் பாதியில் விட்டவள் என்பதை எனக்குச் சாதகமாக அவர் ஒருவர்தான் பயன்படுத்துகிறார்.

டாக்டர் செண்பகா காகிதத்தின் பின்புறம் ஒரு குழாய் வரைந்தார். குடல். அதில் ஒரு கதவு.

"இது இரும்புக்கான வாசல். உங்க ஃப்ரெண்டுக்கு ஹீமோகுளோபின் ஏழு புள்ளி ஒன்பது. இரும்பு குறைஞ்சா உடம்பு என்ன பண்ணும்? வாசலை அகலமாத் திறக்கும். யாரு உள்ள வாராங்கன்னு அதுக்குப் பாக்கத் தெரியாது. ஈயமும் அந்த வழியாவே நுழைஞ்சிடும். உங்க உடம்புல இரும்பு இருக்கு. அதனால வாசல் பாதி மூடியே இருக்கு."

இரும்பு மாத்திரை, துத்தநாகம், கால்சியம் எழுதினார். முகக்கவசம், கையுறை, வேலை முடிந்ததும் குளியல். அதுதான் முதல் மருந்து, மாத்திரை துணைக்குத்தான் என்றார். ஒன்றரை மாதம் கழித்து மறுபடி ரத்தம். ஈயம் இறங்காவிட்டால் அவள் இந்த வேலையில் இருக்கக் கூடாது.

"முக்கியமா ஒண்ணு. இரும்பு மாத்திரையை டீ, காபியோட எடுக்கவே கூடாது. ஒரு மணி நேரம் முன்னயும் பின்னயும். அதுல இருக்கிற துவர்ப்பு இரும்பைப் பிடிச்சு வெச்சுக்கும், உள்ள விடாது. எலுமிச்சைச் சாறோட குடிக்கச் சொல்லுங்க. மறந்துடாதீங்க."

சீட்டில் காலை இரும்பு, இரவு மற்ற இரண்டும் என்று மட்டும் எழுதியிருந்தார்.

அறைக்கு வந்து அமலியிடம் சொன்னேன். காலையில் இரும்பு, இரவில் மற்ற இரண்டும். சீட்டில் இருந்ததை அப்படியே சொன்னேன்.

ஜூன் 4, செவ்வாய்

பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. ஈய மேசையில் இருப்பவர் எதையும் வாய்க்குக் கொண்டுபோகக் கூடாது. பதினோரு மணிக்குக் கை சுத்தமாக இருப்பவர் டீ போட்டு, மற்றவர் வாயருகே டம்ளரைப் பிடிக்க வேண்டும். மாஸ்டர் தன் பெரிய மீசையோடு வாயைத் திறந்து நிற்பதைப் பார்க்க வேண்டும்.

இப்போது செய்யும் பேதுரு ஜன்னல் தொடங்கியதிலிருந்து முறை கிடையாது. அமலியேதான் மேசையில். நான் கண்ணாடி வெட்டுகிறேன். ஆகவே டீ நான்.

"காலம்பற வெறும் வயித்துல போட்டேன், கொமட்டிக்கிட்டு வந்துட்டுட்டி. அந்த இரும்ப இப்பம் போட்டு விடு."

நாக்கை நீட்டினாள். மாத்திரையை வைத்தேன். டம்ளரைச் சாய்த்தேன்.

"ஆமென்" என்றாள். மாஸ்டர் அதட்டினார். சிரித்தோம்.

ஜூன் 6, வியாழன்

ஜன்னல் பற்றி எழுதிவிட வேண்டும். பிறகு அதைப் பற்றி நினைக்கத் தேவையிருக்காது.

கடற்கரைக் கோயில் ஒன்று கேட்டது: தண்ணீர்மேல் நடந்த பேதுரு சந்தேகப்பட்டு மூழ்கும் காட்சி. செப்டம்பர் எட்டாம் தேதித் திருவிழாவுக்குள் வேண்டும். நானும் அமலியும் ஆளுக்கு ஒன்று வரைந்தோம். என் பேதுரு வலது கையை வானை நோக்கி நீட்டியிருந்தான். அந்தக் கைக்கு ஒன்பது நாள் செலவழித்தேன்.

மாஸ்டர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா இவன் நீச்சல் தெரிஞ்சவன் மாரில்லா இருக்கான்."

அமலியின் பேதுரு கையைத் தூக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் தண்ணீரைக் கீழ்நோக்கி அழுத்துகிறான். மேசையில் கையூன்றி எழுந்திருக்கப் பார்ப்பவன்போல.

"முங்குதவன் கையத் தூக்க மாட்டான்ட்டி. தண்ணிய அமுக்குவான். எங்க ஊர்ல கேளு."

எங்கள் ஊரில் கடல் கிடையாது.

பங்குச் சாமியார் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். என் ஓவியத்தை அவர் புரட்டவேயில்லை.

எழுதியாயிற்று.

ஜூன் 10, திங்கள்

அமலி பச்சரிசி தின்கிறாள். தலையணைக்கு அடியில் ஒரு டப்பா. இரும்புக் குறைவுக்காரர்கள் அப்படித் தின்பார்கள் என்று படித்திருக்கிறேன். மண் தின்பவர்களும் உண்டாம்.

"கல்யாணத்துல மழ பெய்யும்ட்டி உனக்கு" என்றேன்.

"நனைஞ்சாப் போச்சு."

துணி துவைத்தேன். அவளுடையதையும். டீ.

ஜூன் 16, ஞாயிறு

அமலி ஊருக்குப் போயிருக்கிறாள். நாளைக் காலை வருவாள்.

அறையில் தனியாக இருந்து, வாளியில் தண்ணீர் நிரப்பி இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் வைத்து அழுத்தினேன். பார்த்து வரைந்தேன். பதினோரு தாள். எல்லாம் மாவு பிசையும் கைகள்.

ஜூன் 22, சனி

இன்று படித்தது: ரத்தம் உண்டாவதற்கு உதவும் ஒரு நொதியின் நடுவே துத்தநாகத்துக்கென ஓர் இடம் இருக்கிறது. ஈயம் வந்தால் துத்தநாகத்தை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்த பிறகு அந்த வேலையைச் செய்யாது. செய்யத் தெரியாது. இடத்தை மட்டும் விடாது.

இதை இரண்டு முறை படித்தேன். புத்தகத்தை மூடிவிட்டுப் பாத்திரம் கழுவினேன்.

ஜூன் 29, சனி

அமலிக்கு மலச்சிக்கல். மாத்திரையால்.

"கறுப்பாப் போவுதுட்டி. தாரு மாரி. ரோடே போடலாம்."

"போட்டா முனிசிபாலிட்டி உனக்கு மால போடும்."

"இம்புட்டு இரும்பு உள்ள போவுது, ஒரு காந்தம் வச்சா ஒட்டணும்லா? மாடி ஏறுனா மூச்சு வாங்குது. என்ன மாத்திரையோ."

டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பொறுத்தால் சரியாகும் என்றேன்.

ஜூலை 5, வெள்ளி

டீ. பால் குறைவு, தூள் கூடுதல். அவளுக்கு அப்படித்தான் பிடிக்கும்.

ஜூலை 9, செவ்வாய்

சாமியார் வந்திருந்தார். பேதுருவின் தலையும் தோளும் முடிந்து வெளிச்சத்தில் நிற்கின்றன. நெற்றிக்கு நான் வெட்டிய கண்ணாடி. அந்த வளைவில் ஏழு துண்டு உடைந்து எட்டாவது சரியாக வந்தது. அது யாருக்கும் தெரியாது. நன்றாக வெட்டிய கண்ணாடி அப்படித்தான், தெரியாமல் இருக்கும்.

"கீழ மூலையில பேரு போடணும் மாஸ்டர். யாரு பேரு?"

"அமலி" என்றார் மாஸ்டர். யோசிக்கவேயில்லை.

அமலி என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நாச்சியார் பேரும் போடுவோம் சாமி. அவதான் வெட்டுனது."

அவள் வாங்கித் தருகிறாள். எனக்கு. என் பெயரை.

"எடம் பத்தாது" என்றேன்.

ஜூலை 17, புதன்

ரத்தம் எடுத்தார்கள். நரம்பு கிடைக்க மூன்று முறை குத்த வேண்டியிருந்தது. அமலி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் நகங்கள் வெளுத்திருந்தன. எப்போதிலிருந்து இப்படி வெளுத்தன என்று தெரியவில்லை. நான் அவள் கைகளைத் தினமும் பார்க்கிறவள்.

ஜூலை 19, வெள்ளி

ஈயம் நாற்பத்துமூன்று. ஹீமோகுளோபின் ஏழு புள்ளி ஆறு.

அமலி வெளியே எடை பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் செண்பகா என்னிடம் கேட்டார்:

"மாத்திரை ஒழுங்கா எடுத்தாங்களா?"

"எடுத்தா. நான்தான் வாயில போட்டேன்."

"டீ, காபியோட எடுக்கலையே?"

"இல்ல டாக்டர்."

அவர் நம்பினார். அப்படியானால் ரத்தம் வேறெங்கோ கசிகிறது என்றார். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். இன்றிலிருந்து அமலி பட்டறைக்குள் வரக் கூடாது. மாத்திரையையும் இப்போதைக்கு நிறுத்தச் சொன்னார்.

ஜூலை 20, சனி

அமலி ஊருக்குப் போனாள். பேருந்தில் ஏறும்போது சொன்னாள்: "எடது கை மட்டும் பாத்துப் பண்ணு நாச்சி. அதுலதான் அவன் சாவுறான்."

மாஸ்டர் ஈய மேசையை என்னிடம் கொடுத்தார். கையுறை, முகக்கவசம், அவளுடைய ஏப்ரன். "இனி நீதான் மக்கா. வேற ஆளு கெடையாது."

ஏப்ரனில் அவள் வாசனை இருந்தது. இரண்டு முறை அலசினேன்.

ஜூலை 24, புதன்

குழாய் விட்டுப் பார்த்தாயிற்று. புண் எதுவும் இல்லை. அமலி தொலைபேசியில் அழுதாள். தொண்டை கிழிந்த மாதிரி இருக்கிறதாம். பேச முடியவில்லை. பேசினாள்.

"ஒண்ணும் இல்லன்னு சொன்னா சந்தோசப்படணும்லா? ஒண்ணும் இல்லன்னா பெருசா ஏதோ இருக்குங்காவட்டி. எலும்புக்குள்ள ஊசி போடணுமாம். ரத்தம் ஊறுத எடமே சரியில்லையோன்னு டாக்டருக்குச் சந்தேகம். புத்துநோயான்னு கேட்டேன். டெஸ்ட் பாப்போம்ங்காவ."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சொன்னேன்.

"திங்கக்கிழம நீ வாட்டி. எங்கம்ம அழுவா. நீ அழ மாட்ட."

ஜூலை 27, சனி

பேதுருவின் வலது கை முடிந்தது. ஈயம் ஒருநாளும் இவ்வளவு இணங்கி வளைந்ததில்லை. கோடு நடுங்கவில்லை. மாஸ்டர் வந்து பார்த்துவிட்டு "ம்" என்றார். அவர் "ம்" என்றால் பெரிய விஷயம்.

சந்தோஷமாக இருந்தேன். எழுதித்தான் ஆக வேண்டும்: இருந்தேன்.



ஜூலை 29, திங்கள்

ஆஸ்பத்திரி. பச்சைத் திரை. அமலி ஒருக்களித்து, முழங்காலை மார்போடு சேர்த்துப் படுத்திருந்தாள். இடுப்பெலும்பின் மேல் பழுப்பு மருந்தைத் தடவியிருந்தார்கள். அவள் அம்மா வெளியே ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தார். நான் தலைமாட்டில். ஊசி தட்டில் இருந்தது. அவ்வளவு தடிமன், அதை ஊசி என்று சொல்லக் கூடாது.

"மரத்துப்போக வைப்பாங்க. ஆனா உள்ள இழுக்கும்போது வலிக்கும். அசையாமப் படுக்கணும்" என்றார் டாக்டர் செண்பகா.

"நாச்சி, கையக் குடு" என்றாள் அமலி.

கொடுத்தேன். அவள் உள்ளங்கை என் உள்ளங்கையை அழுத்தியது. கீழ்நோக்கி.

"டாக்டர், ஒரு நிமிஷம்."

"பயமா இருந்தா வெளிய நில்லுங்கம்மா."

"டீயோடதான் குடுத்தேன்."

யாருக்கும் புரியவில்லை. நர்ஸ் என் முகத்தைப் பார்த்தார்.

"எதை?"

"இரும்பு மாத்திரைய. தெனமும். பதினோரு மணி டீயோட, ஞாயித்துக்கிழமன்னா அறையில."

டாக்டர் கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தார். "கூடாதுன்னு உங்ககிட்டச் சொன்னேன். போன தடவையும் கேட்டேன். இல்லன்னீங்க."

அமலி சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "மறந்திருப்பா டாக்டர். பட்டறையில அம்புட்டு வேல. திட்டாதீங்க. டீ கேட்டதே நான்தான்."

கதவு திறந்திருந்தது. நான் வெளியேற அவளே திறந்துவைத்த கதவு.

"ஆமா. மறந்துட்டேன்" என்றேன்.

"எத்தனை நாள் இப்படிக் கொடுத்தீங்க?"

"நாப்பத்தி நாலு நாள். நடுவுல ஒரு ஞாயித்துக்கிழம அவ ஊருக்குப் போயிருந்தா. அது சேராது."



அமலி மெதுவாகப் புரண்டாள். மருந்து விரிப்பில் பட்டுப் பழுப்பாகப் பரவியது. அவள் முகத்தில் கோபம் இல்லை. கணக்குப் பார்க்கிறவளைப் போல இருந்தாள். ஒவ்வொரு நாளாக, ஒவ்வொரு டம்ளராக.

"மறந்தவ எண்ண மாட்டா, நாச்சி."

கையை எடுத்துக்கொண்டாள்.

டாக்டர் ஊசியைக் கொண்டுபோகச் சொன்னார். முதலில் ஒரு மாதம் மாத்திரையை முறையாகக் கொடுத்துப் பார்ப்போம் என்றார். அதை அமலியிடம் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை.

நடைபாதையில் அவள் அம்மா எழுந்து ஓடிவந்தார். "முடிஞ்சிட்டா மக்கா? வலிச்சுதா?"

"ஊசி வேண்டாமாம். வாம்மா, போவோம்."

"ஏன் வேண்டாமாம்? நாச்சியா, நீ சொல்லும்மா, டாக்டர் என்ன சொன்னாவ?"

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள் அமலி.

ஜூலை 30, செவ்வாய்

அவள் ஒன்றும் சொல்லாமல் போனதைக்கூட என்னைவிட நன்றாகத்தான் செய்தாள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

மாஸ்டரிடம் சொன்னேன். அமலி சொல்லியிருக்கவில்லை.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். சூளையைப் பார்த்தார். சூளை அணைந்திருந்தது.

"நீ என் வாயிலயும் ஊத்தியிருக்கியே பிள்ள" என்றார்.

"உங்களுக்கு ஒண்ணும் பண்ணல மாஸ்டர்."

"நான் அதக் கேக்கல."

சாயங்காலம் கடைக்குப் போய் மூடிபோட்ட டம்ளரும் உறிஞ்சுகுழலும் வாங்கிவந்தார். மூன்று செட். ஒன்றில் என் பெயரை எழுதினார். "இனி அவரவர் குனிஞ்சு குடிச்சுக்கிடுவோம்."

வேலையை விட்டுப் போகவா என்று கேட்டேன்.

"போயிட்டா ஜன்னல யாரு முடிப்பா? அவ உள்ள வரக் கூடாது. எனக்குக் கை நடுங்குது. இருந்து முடி. அப்புறம் உன் இஷ்டம்."

அமலியைக் கேட்டீர்களா என்றேன். கேட்டாராம். நாச்சியே முடிக்கட்டும் என்றாளாம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அறையில் அவளுடைய கட்டிலைக் காலிசெய்ய அவள் தம்பி வந்தான். அக்கா ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன். சீப்பு உன்னுடையதா அவளுடையதா என்று கேட்கச் சொன்னாளாம்.

என்னுடையது என்றேன். உண்மையில் அவளுடையது. பிறகு ஓடிப்போய்க் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

இடது கையைத் தொடங்கினேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

மாஸ்டர் காலையில் மேசையருகே வந்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஈயம் முப்பத்தொண்ணு. ரத்தம் ஒன்பதர."

ஒரு மாதத்தில். வேலையை விட்டு விலகி இருந்ததால் பாதி. அவள் அம்மா எலுமிச்சை பிழிந்து கொடுத்ததால் பாதி.

கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அமலி சொன்னது தவறு. அழுவேன்.

பிறகு நினைத்தேன், தினமும் அவள் அம்மா கையால், அதுவும் அவளுக்குத்தான். அந்த நினைப்பு வந்த வேகத்தைப் பார்த்துப் பயந்தேன். இது என்ன மாத்திரையில் இறங்கும்?

ஆகஸ்ட் 30, வெள்ளி

பேதுரு முடிந்தான். வாசலுக்கு எதிர்ச் சுவரில், வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்து வைத்திருக்கிறோம்.

நாலு மணிக்கு அமலி வந்தாள். மாஸ்டரிடம் ஏதோ கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. உள்ளே வரக் கூடாது. நிலைக்கு வெளியே செருப்போடு நின்றாள். உதடு சிவந்திருந்தது. நான் மேசையில், கையுறையோடு.

அவள் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். நீலம் அவள் கழுத்துவரை விழுந்தது. நான் வெட்டிய நீலம்.

மாஸ்டர் காகிதத்தோடு வந்தார். வாங்கிக்கொண்டாள். போகத் திரும்பியவள் நின்றாள்.

"எடது கைக்குக் கீழ ஈயம் தடிமனாப் போயிட்டு. பஸ்ஸுல கம்பியப் பிடிச்சிட்டு நிக்குத மாரி இருக்கான். தண்ணி பிடி குடுக்காது."

யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. மாஸ்டர் என்னைப் பார்த்தார்.

அவள் சொன்னது சரி. பதினெட்டு நாள் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தும் என் கண்ணில் படாதது, வெளியே நின்றவளுக்கு ஒரு பார்வையில் பட்டது. நேற்று என்னைப் பயமுறுத்திய அதே நினைப்பு ஏறியது. ஏறட்டும்.

"பிரிச்சு மெலிசாப் போடுதேன்" என்றேன்.

செருப்புச் சத்தம் படியிறங்கியது.

திருவிழாவுக்கு ஒன்பது நாள் இருக்கிறது. பேதுருவை மேசையில் கிடத்தினேன். பற்றவைக்கும் கோலை எடுத்தேன். சூடேறினால் ஈயப் புகை வாசலைத் தாண்டித் தெருவுக்கும் போகும். பட்டறை ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அமலி மெதுவாகத்தான் நடந்தாள், ஒரு கடையில் நின்று எதையோ விலை கேட்டாள், மறுபடி நடந்தாள். அவள் தெருமுனை திரும்பும்வரை நான் சுவிட்சைப் போடவில்லை.